ஆற்றுவாய் இல்லாத ஊரின் விதானையார்

திருடன் பேக்கரிக்குள் கால் வைத்த நேரம் பார்த்து லைன் அறுந்தது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய யோசனை அந்த இடத்தில்தான் வந்தது. மிகப் பெரியது என்று அன்றைக்கு நினைத்தேன். வாரத்துக்கு ஒரு மிகப் பெரிய யோசனை வரும் வயது எனக்கு.

நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு கொமினிகேஷன் இருந்தது. முன்பக்கம் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிறவர்கள். பின்பக்கம் ஒரு கிழட்டுக் கம்பியூட்டர். சுனாமி வந்து ஒன்றரை வருஷம் இருக்கும். எங்கெங்கேயோ இருக்கிறவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, இல்லாத நகரம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த இணையப் பக்கத்தை நான் கண்டுபிடித்திருந்தேன். அங்கே ஒருவர் பேக்கரிக்காரர், ஒருவர் திருடன், இன்னொருத்தி மேயர். ஆளுக்கொரு வேஷம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்க வேண்டும். திருடன் பேக்கரிப் பாணைத் தூக்கினானா இல்லையா என்று தெரியாமல் நான் எழும்ப வேண்டியதாயிற்று. "இனி நாளைக்குத்தான் தம்பி," என்றார் கடைக்காரர்.

நாளை வரைக்கும் பொறுக்கிற ஆள் நானில்லை. வீட்டுக்கு நடக்கும்போதே திருடனைப் பிடித்து, விசாரித்து, மேயரின் தம்பியாக்கி முடித்தேன். படலையைத் திறக்கும்போதுதான் பொறி தட்டியது: இதற்கு லைன் எதற்கு? எங்களுக்கு ரியூஷன் கொட்டில் இருக்கிறது. கணித சேர் எப்போதும் பிந்தித்தான் வருவார்.

அடுத்த ஞாயிறே தென்னோலைக் கிடுகு வேய்ந்த அந்தக் கொட்டிலில் ஒரு நாட்டைத் தொடக்கினேன். அதற்கு நான் வைத்த பெயரை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது; வாய் நிறையச் சமஸ்கிருதம். ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. "அங்க" என்றார்கள். "அங்க இப்ப என்ன காலம்?" "அங்க ஆர்ரா கள்ளன்?" அந்தப் பெயரே நிலைத்தது. இரவல் தமிழில் ஒரு அரசியலமைப்பும் எழுதிக்கொண்டு போனேன். நஸீர் அதை நாலாக மடித்து, ஆடுகிற வாங்குப் பலகையின் காலுக்குக் கீழே வைத்தான். வாங்கு ஆடுவது நின்றது. அரசியலமைப்பில் தப்பியது ஒரே ஒரு சட்டம்: கொட்டிலுக்குள் ஒருவர் சொன்னால் அது நடந்தது. அழிக்க ஏலாது.

நான் அரசன். அதற்கு வாக்கெடுப்பு நடத்தவில்லை. நஸீர் ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வருபவன், வாப்பாவின் துணிக்கடையில் நின்று நின்று அலுத்தவன். அங்கேயும் போய்க் கடைதான் வைத்தான். "வேற என்ன தெரியும் மச்சான் எனக்கு?" தவம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்காரரின் மகன், ஆற்றைக் கடக்கிற தட்டை ஓடத்தில் சைக்கிளோடு ஏறி, இரண்டு கரையிலும் சோதனைச் சாவடி தாண்டி வருவான். அவனைச் சேனாதிபதி ஆக்கினேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. "அந்த வேலைக்கு இஞ்சயே இயக்கக்காரங்கள் ஆள் தேடித் திரியிறாங்கள். எனக்கு வயலைத் தாங்க, ராசா."

அவள் கடைசியாக வந்து சேர்ந்தாள்.

ஏ.எல். பரீட்சையை இரண்டாம் தரம் எழுதுகிறவள். எப்போதும் கையில் குடை. கடற்கரையோரத்து வீடு அவர்களுடையது. அலைக்குப் பிறகு அவளும் அப்பாவும் மட்டும் மிஞ்சி, நாவற்குடாவில் மாமி வீட்டில் இருந்தார்கள். அம்மாவும் தங்கச்சியும் இல்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் நிலம் ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் ஆறுமாக நீண்டு கிடக்கிறது. பஸ்ஸில் அவள் ஆற்றுப் பக்க யன்னலில்தான் இருப்பாள். கொட்டிலிலும் மேற்கே பார்த்த வாங்கு, முதுகு கடலுக்கு; கரும்பலகையைக் கழுத்தைத் திருப்பித்தான் பார்ப்பாள்.

"எனக்கு விதானையார் வேலை தாங்க," என்றாள்.

வயல்வெளி முழுவதையும் எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். அந்த வட்டைக்குத் தண்ணீர் எப்போது திறப்பது, யாருக்கு முதலில் பாய்வது, விதைப்பு எந்த நாள் என்று பார்க்கிறவர் வட்டவிதானையார். பெரும்பாலும் தோளில் துவாயும் தொண்டையில் அதட்டலும் உள்ள ஒரு மனிதர்.

தவம் சிரித்த சிரிப்பில் வாங்கு குலுங்கியது. "என்னகா, வட்டையைக் கண்ணாலயாவது கண்டிருக்கிறியா?"

"காணல்ல. நீ சொல்லு, நான் கேக்கிறன்."

அவளை முழுவதும் சொல்ல இந்த ஒரு வசனம் போதும். கேட்டுக்கொண்டே இருந்தாள். யார் என்ன சொன்னாலும் "பொய்" என்று சொல்ல மாட்டாள், "அப்படி இருக்க ஏலாது" என்று சொல்ல மாட்டாள். "சரி" என்பாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, "மறுகா?" என்பாள். பிறகு என்ன என்று கேட்க எங்கள் பக்கத்தில் உள்ள சொல்தான். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். அவள் கேட்டால் மட்டும் விட்ட இடத்திலிருந்து கதையை மறுபடி எடுப்போம்.

உதாரணத்துக்கு என் யாளி. ஏழு தலை, பொன் பிடரி, வானத்தில் பறக்கும். அதன்மேல் ஏறி நான் ஊர்வலம் போன வர்ணனைக்கு ஒரு கிழமை உழைத்திருந்தேன். சொல்லி முடித்துக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

"சரி," என்றாள். "மறுகா? அது எங்க படுக்கிற?"

"மாளிகையில."

"சாணியை ஆர் அள்ளுற?"

"ராசாதான், வேற ஆர்?" என்றான் தவம்.

அன்றைக்கு நான் சொன்ன ஊர்வலத்தை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. சாணி மட்டும் நின்றது. நஸீர் அதை ஏலத்தில் எடுத்தான். தவம் வயலுக்கு உரமாக வாங்கினான். உரம் போட்ட நெல் யாளி உயரத்துக்கு வளர்ந்து, வெட்ட ஆள் காணாமல், கூலி கேட்டு ஒரு போராட்டம் நடந்து, அரசன் மன்னிப்புக் கேட்டான். நான் மாதக்கணக்காக நாலு யுத்தமும் மூன்று சுயம்வரமும் வைத்துச் சேர்க்க முடியாத நாட்டை, ஒரு மிருகத்தின் பின்பக்கத்தை வைத்து அவள் ஒரே பின்னேரத்தில் சேர்த்துக் கட்டினாள். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

விதானையார் நீதியானவர் என்றும் நினைக்க வேண்டாம். நஸீர் ஏறாவூரிலிருந்து மஸ்கட் இனிப்புக் கொண்டுவருகிற ஞாயிறுகளில் அவன் கடைப் பக்கத்து வாய்க்கால்தான் முதலில் திறக்கும். தவம் கத்துவான். "இது லஞ்சம்கா!" அவள் வாய்க்குள் மஸ்கட்டை ஒதுக்கிக்கொண்டு, "சரி, லஞ்சம். மறுகா?" என்பாள்.

கொட்டிலுக்கு வெளியிலும் அப்படித்தான். ஒரு நாள் சேர் வழமைபோலப் பிந்தி வந்து, வழமைபோல நாட்டு நிலைமையைப் பேசினார். "சமாதானம் மட்டும் நிலைச்சுதெண்டால், பிள்ளைகள், எல்லாம் சரியா வரும்."

"மறுகா, சேர்?"

சேர் மேசையில் சோக்கைத் தேடி எடுத்தார். "மறுகா தொகையீட்டுக் கணக்கு. கொப்பியை விரி."

கரும்பலகையின் கீழ் மூலையில் எங்கள் நாட்டுப் படம் சோக்கில் இருந்தது. நான் கீறியது. நடுவில் பெரிய ஆறு, சுற்றி வட்டை, மாளிகை, சந்தை. மாளிகை கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. பக்கத்தில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். "இந்த முட்டை என்ன?" என்று சேர் முதல் நாள் கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு முட்டையைச் சுற்றியே கணக்குச் செய்தார்.

அந்த வருஷம் மாரி பிந்தவில்லை. ஞாயிறுதோறும் கிடுகில் மழை இரைந்தது. வெளியில் கொட்டுகிறதைக் கேட்டுக் கேட்டு, ஆளாளுக்குக் கதையிலும் மழையை விட்டோம். நஸீர் சொன்னான், அங்க சந்தையில் மழை என்று. தவம் சொன்னான், வட்டையில் மழை என்று. நான் இடி மின்னலோடு ஒரு முடிசூட்டு விழாவே வைத்தேன். சொன்னது நடந்தது, அழிக்க ஏலாது. விதானையார் ஒவ்வொரு மழையையும் "சரி" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு தலையைச் சாய்த்தாள். "இவ்வளவு தண்ணியும் மறுகா எங்க போகும்?"

ஆறு நிரம்பியிருந்தது. வட்டை முழுகியிருந்தது. தவத்துக்கு முகம் கறுத்துவிட்டது. அவனுக்கு அது கதை வயல் இல்லை. எந்தப் பயிரும் அழுகுவதைப் பார்க்க ஏலாதவன். "என்ட வேளாண்மை தாண்டுபோய்க் கிடக்கு. ஒரு வழி சொல்லுங்க, ராசா."

"கடைக்குள்ள முழங்காலளவு தண்ணி. சாக்கெல்லாம் ஊறிற்று," என்றான் நஸீர்.

அரசன் எழுந்தான். "என் யாளி ஏழு வாயாலும் வெள்ளத்தைக் குடித்து முடித்தது!"

"சரி," என்றாள் அவள். "குடிச்ச தண்ணி மறுகா எங்க போகும்?"

மழைச் சத்தத்துக்கு மேலே சிரித்தார்கள். யாளிக்கு ஏழு தலை என்று சொன்னவன் நான்தான். மற்றப் பக்கத்துக்கு எத்தனை என்று சொல்லாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று. ஆனாலும் வெள்ளம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நஸீர்தான் சொன்னான், சிரிப்பு அடங்கு முன்னே, சாதாரணமாக: "விசர்க்கதையை விடுங்கடாப்பா. ஆத்துவாயை வெட்டினாச் சரிதானே?"

மாரியில் எங்கள் ஆறு முட்டி வட்டைகள் முழுகும்போது செய்கிற வேலைதான். முகத்துவாரத்தில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் மூடிக் கிடக்கிற மணல் திட்டை மண்வெட்டியால் வெட்டி விடுவார்கள். சின்னக் கான் ஒன்று வெட்டினால் போதும். தண்ணீர் தானே அகட்டிக்கொண்டு கடலுக்கு ஓடும். வயல்காரர் கெதியாக வெட்டு என்பார்கள், இறால் போய்விடும் பொறு என்று தோணிக்காரர் மறிப்பார்கள். இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

எல்லோரும் படத்தைத் திரும்பிப் பார்த்தோம். சேர் சொன்னது சரி. முட்டை. சுற்றிவர மூடிய முட்டை. ஆற்றுக்கு வாய் இல்லை, ஏனென்றால் எங்கள் நாட்டில் கடல் இல்லை. எத்தனை மாதமாக விளையாடினோம். யாளி எங்கே படுக்கும் என்று கேட்டவள்கூட இதைக் கேட்கவில்லை. கடலோரத்தில் பிறந்த அத்தனை பேரும் சேர்ந்து, ஒருவருக்கொருவர் சொல்லாமலே, கடலை விட்டுவிட்டு ஒரு நாடு கட்டியிருந்தோம்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் வாயை மூடிக்கொண்டு இருப்பான். நான் சோக்கை எடுத்தேன். படத்துக்குக் கிழக்கே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்து, அரசக் குரலில், "இதோ, கடல்!" என்றேன்.

"இல்ல," என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை.

"அங்க கடல் இல்ல." குடையை எடுத்தாள். விரிக்க மறந்து மழைக்குள் நடந்து போனாள்.

பிறகு தவம் மெல்லக் கேட்டான், "ராசா, அதை அழிச்சு விட ஏலாதா?" சட்டம் எழுதியவன் நான். நான் டஸ்டரை எடுத்தேன். நஸீர் கையைப் பிடித்தான். "வேணா. நாம அழிச்சா, அவ வந்து பார்த்திட்டு, எனக்காகத்தான் அழிச்சிருக்கானுகள் எண்டு நினைப்பா. அது இன்னும் கூடாது. அவ வரட்டும்."

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நாங்கள் அங்க போகவில்லை. சேர் பிந்தி வந்தபோது மூன்று பேரும் கொப்பியை விரித்துக் கணக்குச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பயந்து, "ஆருக்கும் ஏதும் சுகமில்லையா?" என்று கேட்டார்.

மழை விட்ட ஒரு ஞாயிறு வந்தாள். மேற்கே பார்த்த தன் வாங்கில் இருக்கவில்லை. எதிரே வந்து, கரும்பலகைக்கு நேரே, கிழக்கே பார்த்து இருந்தாள். கோட்டைக் கன நேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள். "எவ்வளவு தூரத்தில கிடக்கு?"

"கிட்டடிதான்," என்றேன். அரசக் குரல் எங்கேயோ போயிருந்தது. "நடக்கிற தூரம்."

"அங்க ஆக்கள் இருக்கிறாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. ஆக்கள் இருக்கிறாங்க எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லல்ல."

"அப்ப சொல்லாதீங்க. ஒருத்தரையும் அந்தக் கரையில குடியிருத்தாதீங்க." தவத்தைத் திரும்பிப் பார்த்தாள். "வேளாண்மை இன்னும் தாண்டுதான் கிடக்கா?"

"ஓம், விதானையார்."

"எழும்பு. வெட்டுவம்."

வெட்டினோம். இவ்வளவு நல்லாக நாங்கள் ஒரு நாளும் விளையாடியதில்லை. நஸீர் தோணிக்காரன் வேஷமும் சேர்த்துப் போட்டு, "இப்ப வெட்டினா இறாலெல்லாம் ஓடிரும்! என்ட பிள்ளைகள் எதைத் திங்கிற?" என்று மணல் திட்டில் குறுக்கே படுத்தான். தவம் அவனோடு உண்மையாகவே கத்தினான். நான் யாளியைக் கூப்பிட வாயெடுத்தேன்; இரண்டு பேரும் சேர்ந்து, "நீ சும்மா இரு!" என்றார்கள். முடிவில் நஸீர் எழும்பித் தானும் ஒரு மண்வெட்டி பிடித்தான். எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் கரும்பலகைக்குப் போனாள். முட்டையின் கிழக்கு ஓட்டில் சுட்டுவிரலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். பிறகு ஒரே இழுப்பில் ஆற்றிலிருந்து கடல்வரைக்கும் சோக்கை அழித்துக்கொண்டு போனாள்.

"ஓடுது," என்றான் தவம்.

நாங்கள் காத்திருந்தோம். அவள் 'மறுகா' கேட்க வேண்டிய இடம் அது. கேட்கவில்லை. விரலில் ஒட்டிய சோக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தன் பழைய வாங்கில் போய், கடலுக்கு முதுகைக் காட்டி இருந்தாள். சேர் வந்துவிட்டார்.

மாரி முடிய, ஆற்றுக்கு அக்கரையான படுவான்கரையில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. தவத்தின் ஊர் முழுவதும் பாயும் சட்டியுமாக ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. கொட்டிலில் வாங்குகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டுச் சனங்களை இருத்தினார்கள். தவத்தின் குடும்பமும் அங்கேதான். ஒரு நாள் ரோட்டில் கண்டபோது சொன்னான்: "மச்சான், என்ட அம்மா கரும்பலகையில ஈரச் சீலையைக் காயப் போட்டிற்றா. ஆறு, கடல், மாளிகை எல்லாம் போயிற்று." நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

விதானையாருக்கு வவுனியாவில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பஸ் நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். சொல்வதற்கு ஒரு பெரிய வசனம் தயாராக வைத்திருந்தேன், நல்லவேளை, மறந்துவிட்டது. "அங்க தண்ணி இன்னும் கடலுக்கு ஓடிக்கொண்டு கிடக்கு, விதானையார்," என்றேன்.

"ஓடட்டும், ராசா. நிப்பாட்டாதீங்க. நான் வாறன்."

கொஞ்சக் காலம் கோல் எடுத்தோம். வன்னியில் சண்டை உச்சத்துக்குப் போன காலத்தில் அந்த நம்பர் வேலை செய்யாமல் போயிற்று. விசாரித்த இடமெல்லாம் ஆளுக்கொரு பதில்: வெளிநாடு போய்விட்டாள், கலியாணம் முடித்துவிட்டாள், அங்கேயேதான் முகாமில் வேலை செய்கிறாள். நஸீர் சொல்கிறான், மூன்றும் நடந்திருக்கும் என்று. எதையும் பொய் என்று சொல்லாதது அவளிடம் படித்த பழக்கம்.

யுத்தம் முடிந்த அன்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் மறித்து ஒரு ஆமிக்காரன் என் கையில் கொண்டாட்டத்துக்கு ஆக்கிய பாற்சோற்றுத் துண்டு ஒன்றை வைத்தான். என் வயதுதான் இருக்கும். சிரித்தபடி, உடைந்த தமிழில், "யுத்தம் முடிஞ்சு," என்றான். நான் தலையாட்டினேன். சோற்றை வாயில் போட்டேன். காதுக்குப் பின்னால் தலையைச் சாய்த்து ஒருத்தி கேட்டாள், மறுகா? அவனிடம் கேட்கத் தமிழ் போதாது. கேட்கிற தைரியமும் அரசனுக்கு இருக்கவில்லை. சோற்றை விழுங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

இப்போது கொட்டிலில் இடம்பெயர்ந்த சனம் இல்லை. தவத்தின் ஆட்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். புதுக் கிடுகு போட்டு, சேர் புது ஆட்களுக்குப் பிந்தி வந்துகொண்டிருக்கிறார். போன கிழமை எனக்கு மறுபடியும் ஒரு மிகப் பெரிய யோசனை வந்தது: அங்க திரும்பிப் போகலாம். நஸீரிடம் சொன்னேன். "சட்டம் கிட்டம் எழுதினியோ, கொண்டு வாற வழியில ஆத்தில போட்டிட்டு வா," என்றான். தவம் ஒரு நிபந்தனை போட்டான்: யாளி வரக் கூடாது. அரசன் பதவியை விடும்படி ஒருவரும் கேட்கவில்லை. நானாக விடுகிற ஆளுமில்லை.

கொட்டிலில் வேண்டாம், முகத்துவாரத்துக்கே போவோம் என்று மூன்று பேரும் முடிவெடுத்திருக்கிறோம். அலைக்குப் பிறகு நாங்கள் ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை என்பது பேசும்போதுதான் தெரிந்தது. வருகிற ஞாயிறு காலையில் சைக்கிளில் போய், மணல் திட்டில் குந்தி, விட்ட இடத்தில் பிடிக்கப் போகிறோம். அந்தக் கரையில் ஒருத்தரையும் குடியிருத்த மாட்டோம். நடந்து பார்ப்பதற்குத் தடையில்லை.

"வெள்ளம் வடிந்தது" என்று நான் தொடக்குவேன். அதற்கு மேல் ஒரு வசனமும் நான் தயாரித்துக்கொண்டு வரக் கூடாதாம். சொல்லி முடித்ததும் மூன்று பேரும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருத்தி தலையைச் சாய்த்து ஒரு சொல் கேட்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம்.